ஒரே கேலக்ஸி, இரண்டு வேக வரைபடங்கள்

செயல்மிகு கேலக்ஸியின் (மையக் கருந்துளை வாயுவை விழுங்குவதால் பிரகாசிக்கும் கேலக்ஸி) மையத்தில் வாயு எப்படி ஓடுகிறது என்பதை நானே அளந்து பார்க்க ஆசைப்பட்டு என்ஜிசி 1365-ஐ எடுத்துக்கொண்டேன். சுமார் 6 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கும் பட்டைச் சுருள் கேலக்ஸி அது. சிலியின் பரனால் மலையில் உள்ள விஎல்டி தொலைநோக்கியில் மியூஸ் என்ற கருவி இருக்கிறது. அதன் தரவுகள் ஐரோப்பியத் தென்வான ஆய்வகத்தின் காப்பகத்தில் யாருக்கும் கிடைக்கும். ஒரு கோப்பைத் திறந்தால் ஏறக்குறைய 90,000 புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு நிறமாலை, அதாவது அலைநீள வாரியாகப் பிரித்த ஒளி.

முதலில் விண்மீன்களின் ஒளியைக் கழிக்க வேண்டும். அதற்கு நல்ல நிரல்கள் இருக்கின்றன, பொறுமை இருந்தால் போதும்.

அப்புறம்தான் வாயு. ஹைட்ரஜன் 6563 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் வெளியிடும் ஒளிக்கோடு எவ்வளவு இடம்பெயர்ந்திருக்கிறது என்பதை வைத்து வேக வரைபடம் போட்டேன். ஒரு பக்கம் நீலம் (நம்மை நோக்கி வருவது), மறுபக்கம் சிவப்பு (விலகிப் போவது), ஒழுங்காகச் சுழலும் வட்டு. இளம் விண்மீன்கள் ஒளியேற்றும் வாயுதான் அதில் மேலோங்கித் தெரிகிறது. அடுத்து இரட்டை அயனி ஆக்சிஜனின் (இரண்டு எலக்ட்ரான்களை இழந்தது) 5007 கோடு. கேலக்ஸியே நொடிக்கு 1,600 கிலோமீட்டருக்கு மேல் விலகிச் செல்வதால் அந்தக் கோடு 5034-க்குப் பக்கத்தில் விழுகிறது. இந்த வரைபடத்தில் வட்டின் ஒழுங்கு குலைந்து, மையத்திலிருந்து எதிரெதிர்த் திசைகளில் இரண்டு கூம்புகள் விரிந்தன. மையக் கருந்துளையைச் சுற்றியுள்ள சிறிய வாயு வட்டின் கதிர்வீச்சு ஒளியேற்றிய வாயு அது. ஒரே இடத்தில் இரண்டு வாயுக்கள் இரண்டு விதமாக ஓடுவதைப் பார்த்ததும் அன்று வேறு எதிலும் மனம் போகவில்லை.

அதிக நாள் பிடித்தது கோட்டின் வடிவம். பல புள்ளிகளில் கோடு ஒரு பக்கமாகச் சாய்ந்து வால் நீட்டியிருந்தது. அதற்கு இரண்டாவது காஸியன் வளைவு, அதாவது மணி வடிவ வளைவு, சேர்க்கலாமா? எந்த வளைவைக் கூட்டினாலும் பொருத்தம் கொஞ்சம் மேம்படத்தான் செய்யும், அதை மட்டும் நம்ப முடியாது. அதே ஆக்சிஜனின் 4959 கோடு 5007-இன் மூன்றில் ஒரு பங்கு வலுவோடு அதே வடிவத்தில் இருந்தாக வேண்டும்; இது அணு இயற்பியல் நிர்ணயித்த விகிதம். அந்தக் கட்டுப்பாட்டை வைத்தேன். அதோடு, பக்கத்துப் புள்ளிகளிலும் அதே வேகத்தில் அந்த வால் தொடர்ந்தால்தான் உண்மை என்று எடுத்துக்கொண்டேன். என்னைப் பொறுத்தவரை எந்தப் புள்ளியியல் சோதனையையும் விட இந்தத் தொடர்ச்சிதான் வலுவான சாட்சி.

சரி, வட்டின் சுழற்சியைக் கழித்த பிறகு மிஞ்சியது என்ன? தென்கிழக்குக் கூம்பில் நம்மை நோக்கி வரும் வாயு, வடமேற்கில் விலகிப் போகும் வாயு. வடமேற்குக் கூம்பின் பெரும்பகுதி வட்டுக்குப் பின்னால் இருப்பதால் தூசி அதை மங்கவைக்கிறது. இவ்வளவும் பார்வைக்கோட்டு வேகம், அதாவது நம் பார்வைத் திசையில் உள்ள வேகம், மட்டும்தான். கூம்பு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று கணித்தால்தான் உண்மையான வேகம் கிடைக்கும். இப்போது அந்த வேலையில்தான் இருக்கிறேன்.