தீயணைப்புக் குழாயில் நடந்த குரங்கும் அத்தை வீட்டு நண்டும்

தெலுக் பஹாங்கிலிருந்து ஜார்ஜ்டவுனுக்கு அறுபது வெள்ளி கேட்டார் அந்த டாக்சிக்காரர். அறுபது! கிள்ளானிலிருந்து பினாங்கு வந்து சேர ஓர் ஆளுக்கு அவ்வளவு ஆகவில்லை. "பஸ் வராது தங்கச்சி. வந்தாலும் ஏற இடம் இருக்காது" என்று தமிழிலேயே சொல்லிச் சிரித்தார். தமிழ் பேசினால் பத்து வெள்ளியாவது குறையும் என்று நம்பிக்கொண்டிருந்த என் தம்பிக்கு முகம் தொங்கிவிட்டது. அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் கூடுதல் எரிச்சல். பஸ் ஒன்று வரத்தான் செய்தது. படிக்கட்டு வரை ஆள், நிற்காமலே போய்விட்டது.

கோபத்தில் நடக்க ஆரம்பித்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. கொஞ்ச தூரம் போனதும் தம்பி என் கையைப் பிடித்து இழுத்தான்.

"அக்கா, மேல பாரு."

சாலைக்கு மேலே, இந்தப் பக்க மரத்துக்கும் அந்தப் பக்க மரத்துக்கும் நடுவே இழுத்துக் கட்டிய ஒரு பாலம். அதில் கருஞ்சாம்பல் நிறக் குரங்கு ஒன்று, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், வால் நீளமாகத் தொங்க, கீழே லாரிக்காரன் ஹாரன் அடிப்பதைக் கொஞ்சமும் பொருட்படுத்தாமல் போய்க்கொண்டிருந்தது. பின்னால் இன்னொன்று. அதன் வயிற்றைக் கட்டிக்கொண்டு ஒரு குட்டி. தாய் கறுப்பு, பிள்ளை தங்க நிறம்! போன் எடுத்துப் படம் பிடிப்பதற்குள் இலைக்குள் மறைந்துவிட்டன. ஆகவே படம் கேட்காதீர்கள்.

இந்தக் குரங்கை இங்கே லோத்தோங் என்பார்கள். இலை, பழம், விதை என்று தின்றுகொண்டு மர உச்சியிலேயே காலம் தள்ளுகிற சாது. குட்டியின் தங்க நிறம் சில மாதங்களில் சாம்பலாகிவிடும். உலக அளவிலான சிவப்புப் பட்டியலில் இதற்கு 'அழியும் நிலையில் உள்ளது' என்று முத்திரை குத்தியிருக்கிறார்கள். பினாங்கில் அதற்கு நேரடிக் காரணம் நாங்கள் நின்ற சாலை மாதிரியான சாலைகள்தான். மலைக்கும் கடலுக்கும் நடுவே சாலையும் வீடும் வரும்போது, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்த கிளைகள் போய்விடுகின்றன. குரங்கு தரையில் இறங்கித் தார்ச்சாலையைக் கடக்கிறது, அடிபடுகிறது. இல்லாவிட்டால் மின்கம்பியைப் பிடித்துத் தாவப் பார்க்கிறது.

2016-இல் யாப் ஜோ லீன் என்ற ஆய்வாளர் தொடங்கிய 'லங்கூர் ப்ராஜெக்ட் பினாங்கு' குழு 2019-இல் இந்தப் பாலத்தைக் கட்டியது. எதை வைத்து என்று கேளுங்கள். தீயணைப்புப் படை பயன்படுத்தி ஒதுக்கிய தண்ணீர்க் குழாய்! வெயிலும் மழையும் தாங்கும், எடை தாங்கும், குரங்கின் கைக்கும் பிடி கிடைக்கும். அந்த வட்டாரத்துக் குரங்குக் கூட்டத்தின் தலைவன் ஆ லாய் பெயரைத்தான் பாலத்துக்கு வைத்திருக்கிறார்கள். அரசியல்வாதி பெயர் வைக்காத பாலம் என்பதற்காகவே எனக்குப் பிடித்துப்போயிற்று.

பாலம் கட்டுவதைவிடப் பெரிய வேலை ஒன்று இருக்கிறது. ஆசையாக வளர்த்த மாமரத்தை லோத்தோங் மொட்டையடிக்கும்போது வீட்டுக்காரர் கல்லைக் கையில் எடுக்காமல் இருக்கவேண்டும். அதற்காக இந்தக் குழு அக்கம்பக்கத்தாரையே தன்னார்வலர்களாகச் சேர்த்து, குரங்குகளைப் பின்தொடர்ந்து குறிப்பெடுக்கப் பழக்குகிறது, குடியிருப்புகளில் போய்ப் பேசுகிறது. நம் வீட்டுத் தொல்லை என்று நினைத்த குரங்குக்கு ஒரு பெயர் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் கல் எறிவது கொஞ்சம் கஷ்டம்தான்.

(டாக்சிக்காரர் கடைசியில் நாற்பத்தைந்துக்கு இறங்கி வந்தார். அதுவும் அநியாயம்தான்.)

'குறைந்த செலவில் பினாங்கு' என்று அட்டவணை போட்டு எழுதுவதாகத் தோழிகளிடம் சொல்லிவிட்டு வந்திருந்தேன். முதல் குறிப்பு இதோ: பினாங்கு மலைக்கு ரயிலில் ஏறாதீர்கள், நடந்து ஏறுங்கள். 1923-இல் ஓட ஆரம்பித்த ரயில், புதுப்பித்த பெட்டிகள், எல்லாம் அழகுதான். ஆனால் பள்ளி விடுமுறையில் அந்த வரிசையைப் பார்த்தால் பழனி ஞாபகம் வரும். பூமலைத் தோட்டத்து (தாவரவியல் பூங்கா) பக்கமிருந்து ஜீப் பாதை ஒன்று மேலே போகிறது. இலவசம். முட்டிக்குத்தான் செலவு. ஐந்து கிலோமீட்டர்தான், ஆனால் சில இடங்களில் சுவர் ஏறுவது போல நிமிர்ந்து நிற்கிறது. காலை ஏழு மணிக்கே சீனத் தாத்தா பாட்டிகள் எங்களைத் தாண்டி ஏறிப் போனார்கள், வெட்கமாக இருந்தது.

வழி நெடுகத் தண்ணீர்ச் சத்தம். எந்தப் பக்கம் என்று தெரியாது, ஆனால் ஓடிக்கொண்டே இருக்கிறது. காடு மழையைக் குடித்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கசியவிடுகிறது. அதைத் தேக்கத்தான் 1962-இல் ஆயர் ஈத்தாமில் அணை கட்டினார்கள், 1999-இல் தெலுக் பஹாங்கில் இன்னொன்று. லோத்தோங் வாழும் காடும் அணைக்குத் தண்ணீர் தரும் காடும் ஒரே காடுதான். மரத்தை வெட்டினால் இரண்டும் போகும், மண்ணும் சேர்ந்து கீழே வரும். 2017 நவம்பர் புயல் மழையில் மலைச்சரிவுகள் இடிந்து ஊர் மூழ்கியதை இங்கே யாரும் மறக்கவில்லை. கடல்மட்டத்துக்கு மேல் 76 மீட்டரைத் தாண்டிய நிலம், 25 பாகைக்கு மேல் சரிவான நிலம் எல்லாம் பினாங்கின் திட்ட விதிகளில் மலைநிலம். விதி நன்றாகத்தான் இருக்கிறது. தஞ்சோங் புங்கா பக்கம் சரிவில் நிற்கிற அடுக்குமாடிகளைப் பார்த்தால் விதியை யார் படிக்கிறார்கள் என்ற சந்தேகமும் வருகிறது.

இந்த மலையே ஒரு காலத்தில் தப்பிப் பிழைத்ததுதான். 1990 வாக்கில் உச்சியில் ஹோட்டல், கேளிக்கைப் பூங்கா என்று பெரிய திட்டம் ஒன்று வந்தது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம், சுற்றுச்சூழல் அமைப்பான சஹாபாட் ஆலாம் மலேசியா, இயற்கைச் சங்கம், மரபுடைமை அமைப்பு எல்லாரும் 'பினாங்கு மலையின் நண்பர்கள்' என்று ஒன்றுசேர்ந்து கையெழுத்து வாங்கி, கூட்டம் போட்டு, அறிக்கை எழுதி அதை நிறுத்தினார்கள். பயனீட்டாளர் சங்கத்துக்கும் சஹாபாட் ஆலாமுக்கும் பல பத்தாண்டுகள் தலைவராக இருந்தவர் எஸ்.எம். முகமது இத்ரிஸ். தமிழ்நாட்டில் பிறந்து பினாங்குக்கு வந்த நம்ம ஊர் மனிதர். எப்போதும் வெள்ளைச் சட்டை, தொப்பி. 2019-இல் காலமானார். 2021 செப்டம்பரில் யுனெஸ்கோ இந்த மலையையும் தேசியப் பூங்காவையும் சுற்றுக் கடலையும் சேர்த்து 12,481 ஹெக்டேரை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. தாசேக் சினி, குரோக்கர் மலைத்தொடருக்கு அடுத்து மலேசியாவில் இது மூன்றாவது. அதைப் பார்க்க அவர் இருந்திருக்கலாம்.

உச்சியில் என்ன பார்த்தோம் என்று எழுதவில்லை. பனிமூட்டம், பத்து வெள்ளிக்கு ஐஸ் கச்சாங். அவ்வளவுதான்.

இறங்கி வந்து பூமலைத் தோட்டம். 1884-இல் சார்ல்ஸ் கர்ட்டிஸ் உருவாக்கியது. மேலே இருந்து வரும் அருவி தோட்டத்துக்குப் பின்னால் விழுகிறது. அந்தக் காலத்தில் துறைமுகத்துக் கப்பல்களுக்கும் இந்தத் தண்ணீர்தான். இன்றும் அது குடிநீர் எடுக்கும் இடம் என்பதால் நினைத்தபடி கிட்டே போக முடியாது. குரங்குகளுக்குத் தீனி போடாதீர்கள் என்று பெரிய பலகை இருக்கிறது. அதன் கீழேயே நின்றுகொண்டு நம்மவர் ஒருவர் கோயில் பிரசாத வாழைப்பழத்தை உரித்து நீட்டுகிறார்! ஆஞ்சநேயருக்குப் புண்ணியம் என்று நினைப்பு. அப்படித் தின்று பழகிய நீள்வால் குரங்குதான் நாளைக்குக் குழந்தை கையிலிருந்து பையைப் பிடுங்கும், பிறகு தொல்லை என்று புகார் போகும், பிடிக்க ஆள் வரும். வாழைப்பழம் கொடுத்தவர் அப்போது வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருப்பார்.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், யார் கோபித்தாலும் சரி. அருவியிலிருந்து வரும் ஆறு, தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரம் வழியாகத்தான் இறங்குகிறது. 513 படி ஏறி பாலதண்டாயுதபாணியைப் பார்த்துவிட்டு வந்தோம், காற்று அள்ளிக்கொண்டு போகிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தைப்பூசத்துக்கு வந்தவர்களுக்குத் தெரியும். சாலையின் இரு பக்கமும் தண்ணீர்ப் பந்தல், ரோஸ் சர்பத், மோர், சோற்றுப் பொட்டலம். தாகத்தோடு வருகிறவனுக்குத் தண்ணீர் கொடுக்கிற பழக்கத்தை விட அழகான பழக்கம் நம்மிடம் இல்லை. கொடுத்த பிளாஸ்டிக் கோப்பை எங்கே போகிறது? ஒரு மழை பெய்தால் சாக்கடை, சாக்கடையிலிருந்து இந்த ஆறு, ஆறு போய்ச் சேருவது சுங்கை பினாங்கு என்ற ஆற்றில். ஜெலுத்தோங் பக்கம் பாலத்தில் நின்று சுங்கை பினாங்கை ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். மேலே கண்ணாடி போல இருந்த தண்ணீர், சில கிலோமீட்டரில் என்ன ஆகிறது என்று மூக்குக்குத் தெரியும். எவர்சில்வர் டம்ளர் வைத்து, கழுவ நாலு பிள்ளைகளை உட்காரவைக்கிற பந்தல்களும் இருக்கின்றன. அந்தப் பந்தலில்தான் இனிமேல் குடிப்பேன்.

ஃபெர்ரியில் பட்டர்வொர்த், அங்கிருந்து கொமுட்டர் ரயிலில் நிபோங் திபால். இந்தப் பயணத்தில் பணத்துக்கு ஈடான போக்குவரத்து இவை இரண்டுதான். ஏசி, நேரம், உட்கார இடம், வேறென்ன வேண்டும்?

நிபோங் திபாலில் அத்தை வீடு. மாமா குழாய் பதிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் மலை, அணை என்று பெருமையாக அளந்துகொண்டிருந்ததை மீசைக்குள் சிரித்தபடி கேட்டார்.

"அதெல்லாம் சரிம்மா. பினாங்குல குழாயத் தொறந்தா வர்ற தண்ணி நூத்துக்கு எண்பதுக்கு மேல மூடா ஆத்துத் தண்ணி. அது எங்கேருந்து வருது? கெடாவுல உலு மூடா காடு. அங்க மரம் வெட்டுனா இங்க குழாய்ல சேறு."

உலு மூடா சுமார் 160,000 ஹெக்டேர் காடு. உப்புச் சுனைகளுக்கு யானைகள் வரும். பல வகை இருவாச்சிப் பறவைகளும் அங்கே உண்டு. தண்ணீருக்குப் பணம் கொடு என்று கெடா கேட்கிறது, ஆறு இயற்கையாக ஓடுகிறது, எதற்குக் கொடுக்கவேண்டும் என்று பினாங்கு கேட்கிறது. வருஷக்கணக்காக இந்தச் சண்டை ஓடுகிறது. என் கருத்து: காட்டை வெட்டாமல் வைத்திருக்க ஏழை மாநிலம் ஒன்றைக் கேட்டுக்கொண்டு, அதற்கு ஒரு காசும் தரமாட்டேன் என்பது நியாயமில்லை. மாமா ஒத்துக்கொள்ளவில்லை. சாப்பாடு வரும் வரை வாதம் நடந்தது.

சாப்பாடு. ஐயோ, சாப்பாடு! சேற்று நண்டுக் குழம்பு. ஒவ்வொரு நண்டும் உள்ளங்கையை விடப் பெரிது. அத்தை தேங்காய்ப்பால் ஊற்றுவதில்லை. மிளகு, சோம்பு, சின்ன வெங்காயம் அரைத்து, முருங்கைக்கீரை ஒரு கை போட்டு இறக்குகிறார். கொடுக்கை உடைத்து உறிஞ்சினால் காரம் காது வரை ஏறுகிறது. தம்பி சோறு போதும் என்ற சொல்லையே மறந்துவிட்டான். கடையில் இந்த அளவு நண்டு சாப்பிட்டால் எங்கள் பயணக் காசு அத்தனையும் போயிருக்கும். சுங்கை ஆச்சே என்ற கடலோர ஊரில் மாமாவுக்குத் தெரிந்த மீனவர் கொடுத்தனுப்பியது.

மறுநாள் அந்தக் கரைக்கே மாமா கூட்டிக்கொண்டு போனார். பினாங்கு கரையோர மீனவர் நலச் சங்கம், பிஃப்வா என்பார்கள், 1997-லிருந்து இங்கே பக்காவ், அதாவது அலையாத்தி மரம் நட்டு வருகிறது. நடுகிறவர்கள் சிறு படகு வைத்துப் பிழைக்கிற மீனவர்கள். பக்காவ் அழிந்த இடத்தில் இறால் இல்லை, நண்டு இல்லை, மீன் குஞ்சு ஒளிய இடமில்லை என்று வலை சொல்லித்தான் அவர்களுக்குத் தெரிந்தது. மேட்டிலிருந்து ஆறு கொண்டுவரும் வண்டலை அந்த வேர்கள் பிடித்து நிறுத்துகின்றன, கடல் பக்கமிருந்து வரும் அலையையும் அவைதான் வாங்கிக்கொள்கின்றன. பினாங்கில் 50-க்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோன 2004 சுனாமிக்குப் பிறகுதான் அரசாங்கமும் கடற்கரையில் மரம் நடுவதைப் பெரிய திட்டமாக எடுத்தது. மீனவர்கள் அதற்கு முன்பே சேற்றில் இறங்கியிருந்தார்கள்.

பக்காவ் விதை தாய்மரத்திலேயே முளைத்து, நீளமாகப் பென்சில் கணக்காகத் தொங்கும். அதை எடுத்துச் சேற்றில் செருகவேண்டும், அவ்வளவுதான். கேட்க எளிது. முழங்கால் வரை சேறு, ஒரு காலை உருவினால் மறுகால் இறங்குகிறது, குனிந்தால் கொசு. தம்பி விழுந்தான். பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த மலாய்க்கார மாக்சிக் (பெரியம்மா) ஒருவர் கைகொட்டிச் சிரித்தார், பிறகு அவரே தூக்கியும் விட்டார்.

நீங்களும் நடப் போகவேண்டுமென்றால் குழுவாகச் சேர்ந்து முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். நீர் வற்றுகிற நேரம் பார்த்துத்தான் வேலை, அது விடியற்காலையாகவும் இருக்கலாம், உச்சி வெயிலாகவும் இருக்கலாம். பள்ளி விடுமுறைக்கு எத்தனை பேர் வருகிறோம் என்று மாமா இப்போதே கேட்டுவிட்டார். பழைய காலுறை இரண்டு ஜோடி கொண்டுவரச் சொன்னார். சப்பாத்து போட்டுக்கொண்டு இறங்கினால் சேறு திருப்பித் தராதாம்.