இடது கைக் கிட்டார் கேட்டேன், வலது கை பிரிட்ஜோடு வந்தது

நான் இடது கைக்காரன். புதுச்சேரியில் எந்தக் கடையில் போய்க் கேட்டாலும், "கம்பியை மாத்திப் போட்டுத் தர்றேன் சார்" என்பதுதான் பதில். அப்படி மாற்றிப் போட்ட கிட்டாரில்தான் பதினைந்து வருடம் முத்தியால்பேட்டையில் எங்கள் பங்குக் கோயில் பாடற்குழுவுக்கு வாசித்தேன். மேலே ஏற ஏறச் சுருதி விலகும். அதனால் நெக்கில் (கழுத்தில்) குறுக்கே பதித்திருக்கும் ஃப்ரெட் என்னும் உலோகப் பட்டைகளில் ஐந்தாவதைத் தாண்டாமலே பழகிவிட்டேன்.

போன பொங்கலுக்குப் பிறகு, வேறு ஊரில் கையால் கிட்டார் செய்து தருபவர் ஒருவரிடம் சொல்லி வைத்தேன். மொத்தம் 38,000 ரூபாய், அட்வான்ஸ் 20,000. மூன்று மாதம் என்றார், எட்டு மாதம் ஆனது. தாமதத்தில் எனக்குக் கோபம் இல்லை. மரம் காய வேண்டும், வார்னிஷ் இறுக வேண்டும், அவசரப்படுத்தினால் கெடுவது கிட்டார்தான். ஆனால் "எந்த நிலையில் இருக்கு அண்ணே?" என்று கேட்கும்போதெல்லாம் "பாலிஷ் போயிட்டு இருக்கு" என்ற ஒரே பதில் வந்தபோது சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஒரு போட்டோவாவது கேட்டிருக்கலாம். பாக்கிப் பணத்தையும் அனுப்பிவிட்டுத்தான் பார்சலுக்குக் காத்திருந்தேன்.

பெட்டியைத் திறக்கும்போது தம்பியை வீடியோ எடுக்கச் சொன்னேன். பின்னால் அதுதான் கைகொடுத்தது. கிட்டார் பார்க்க அழகாக இருந்தது. நெக்கில் கையை ஓட்டினால் ஃப்ரெட் முனைகள் கீறின. எத்தனையாவது ஃப்ரெட் என்று காட்டும், வாசிக்கும்போது என் கண்ணுக்குத் தெரிய வேண்டிய பக்கப் புள்ளிகள், நெக்கின் அடிப்பக்க விளிம்பில் இருந்தன. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பி 4 மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது. 2.5 இருந்தாலே போதும். ட்யூனர் ஆப்பில் பார்த்தால், தடித்த கம்பியைப் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தும்போது, அதே இடத்தில் அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கைவிடச் சுருதி 12 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்) மேலே நின்றது. இரண்டும் ஒத்திருக்க வேண்டும். மெல்லிய கம்பி கீழே இறங்கியிருந்தது.

ஸ்கேலை எடுத்து அளந்தபோது காரணம் தெரிந்தது. தடித்த கம்பியை அழுத்தும்போது சுருதி கூடுதலாக ஏறும். அதை ஈடுகட்டத்தான், கிட்டார் உடலில் ஒட்டிய பிரிட்ஜின் பள்ளத்தில் நின்று கம்பிகளைத் தாங்கும் சேடிலைச் சாய்த்து வைத்து, அந்தக் கம்பிக்குக் கொஞ்சம் அதிக நீளம் கொடுப்பார்கள். நெக்கின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் நட்டிலிருந்து பன்னிரண்டாவது ஃப்ரெட் வரை 324 மில்லிமீட்டர். அங்கிருந்து சேடில் வரை என் கிட்டாரில் தடித்த கம்பிக்கு 326, மெல்லிய கம்பிக்கு 329. அப்படியே தலைகீழ். வலது கைக் கிட்டாருக்கான பிரிட்ஜை ஒட்டி, நட்டை மட்டும் மாற்றி அனுப்பியிருந்தார்.

போனில் சொன்னேன். "பாண்டிச்சேரியில கடல் காத்து, மரம் ஊதியிருக்கும்" என்றார். ஈரம் ஏறினால் மேல்பலகை உப்பிக் கம்பி உயரும், அது உண்மைதான். ஆனால் எந்தக் காற்றும் சேடில் பள்ளத்தின் சாய்வை மறுபக்கம் திருப்பாது. அடுத்து, "ஜிமி ஹென்ட்ரிக்ஸே வலது கை கிட்டாரைத் திருப்பித்தான் வாசிச்சார்" என்றார். இடது கைக்காரரான ஹென்ட்ரிக்ஸ் வாசித்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலெக்ட்ரிக் கிட்டாரில் ஆறு கம்பிக்கும் ஆறு தனித்தனிச் சேடில், ஒவ்வொன்றையும் திருகி நகர்த்திக்கொள்ளலாம். அக்கூஸ்டிக்கில் ஒட்டிய பிரிட்ஜை எதைத் திருகுவது? தவறு நடந்துவிட்டது என்று அவர் சொல்லியிருந்தால் அன்றே சமாதானம் ஆகியிருப்பேன். அதற்குப் பிறகு போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

ஆர்டர் கொடுத்தபோது "சேடில் சாய்வும் இடது கைக்கு மாற வேண்டும்" என்று வாட்ஸாப்பில் எழுதியிருந்தேன், அவர் "ஓகே" போட்டிருந்தார். அந்த ஒரு வரி இல்லையென்றால் என் கையில் எதுவும் இல்லை. ஸ்கேல் வைத்து எடுத்த படங்கள், வீடியோ, பணம் அனுப்பிய விவரம் எல்லாவற்றையும் சேர்த்து, 15 நாள் அவகாசம் கொடுத்துப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் பேசிப் புகாரைப் பதிந்தேன். "கேஸ் போடணும்னா எங்க ஊருக்குத்தான் வரணும்" என்று அவரிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் இடத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் கிடையாது என்று பதில் எழுதினேன். நான்காவது நாள் அவரே கூப்பிட்டார். திருப்பி அனுப்பினால் இன்னும் எத்தனை மாதம் ஆகுமோ, கிறிஸ்துமஸ் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. 9,000 ரூபாய் திருப்பித் தந்தால் இங்கேயே பழுது பார்த்துக்கொள்கிறேன் என்றேன். இரண்டு தவணையில் தந்தார்.

கடலூர் முதுநகரில் வீணையும் ஆர்மோனியமும் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கிட்டாரைப் பஸ்ஸில் கொண்டுபோனேன். கிட்டார் அவருக்குப் புதிது. ஆனால் நான் சொன்ன அளவை ஒருமுறைக்கு மூன்று முறை கேட்டு எழுதிக்கொண்டார். பழைய பள்ளத்தை ஈட்டி மரத் துண்டால் அடைத்து, காய விட்டு, எதிர்ச் சாய்வில் புதிதாக வெட்டினார். சேடிலைத் தேய்த்துக் கம்பியையும் இறக்கினார். ஃப்ரெட் முனைகளை அரத்தால் மழுக்கினார். கண்ணாடித் துண்டை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "உள்சட்டமும் வலது கைக்கு அடிச்சதுதான் தம்பி. மேல்பலகையைக் கழட்டாம அதை ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். அது அப்படியே இருக்கிறது. கீழ்ச் சுருதியில் நான் எதிர்பார்த்த கனம் இல்லை.

இப்போது தடித்த கம்பி 2 சென்டுக்குள் நிற்கிறது. பக்கப் புள்ளிகளுக்குப் பதிலாக, நெக்கின் மேல் விளிம்பில் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். நள்ளிரவுத் திருப்பலியில் முதல்முறையாக ஒன்பதாவது ஃப்ரெட் வரை போனேன், ஆர்மோனியத்தோடு ஒட்டி நின்றது.