ஆர்12 டிஎக்ஸ்எஃப் கேட்டா…

லேசர் கட்டிங் பட்டறைக்கு டிராயிங் அனுப்புற தம்பி தங்கச்சிங்க கவனத்துக்கு. பழைய மெஷின் வச்சிருக்கிறவங்க இன்னமும் ஆர்12 டிஎக்ஸ்எஃப்தான் (ஆட்டோகேட் டிராயிங்கை மத்த சாஃப்ட்வேருக்குக் கொடுக்கிற ஃபைலோட பழைய வகை) கேப்பாங்க. ஆட்டோகேடோட சொந்த டிடபிள்யூஜி ஃபைல் சின்னதா இருந்தாக்கூட அதுல சேவ் பண்ணா ஊதிப் பெருத்துடும்.

காரணம் இதுதான். ஆர்12-ல ஸ்ப்லைன் (வழுவழு வளைகோடு), எலிப்ஸ் (நீள்வட்டம்) ரெண்டுமே கிடையாது. அதனால அந்த வளைவெல்லாம் துண்டு துண்டா பாலிலைன் (தொடர்கோடு) ஆயிடும். ஒவ்வொரு முனையும் ஃபைல்ல தனி வெர்டெக்ஸா (புள்ளியா) எழுதப்படும். லேயர் (கோடு இருக்கிற அடுக்கு) பேரு ஒவ்வொண்ணுலயும் திரும்ப வரும், எக்ஸ் தனி வரி, ஒய் தனி வரி. நோட்பேட்ல திறந்து பாருங்க, புரிஞ்சிடும். ஹேட்ச் (உள்ள நிரப்புற கோட்டு வடிவம்) இருந்தா இன்னும் மோசம், கோடு கோடா உடைஞ்சிடும். வெட்டுறதுக்கு ஹேட்ச் எதுக்கு? தூக்கிடுங்க.

ஆட்டோகேட் சேவ் ஆஸ் ஆப்ஷன்ஸ்ல டிஎக்ஸ்எஃப் டேப் இருக்கு. தசமத்துக்கு அப்புறம் 16 இலக்கம்னு கிடக்கும். மில்லிமீட்டர்ல வரைஞ்ச தகட்டுக்கு 4 தாராளம். அங்கயே செலக்ட் ஆப்ஜெக்ட்ஸும் இருக்கு. வெட்ட வேண்டிய கோட்டை மட்டும் எடுங்க, டைட்டில் பிளாக் (விவரப் பெட்டி), டைமென்ஷன் (அளவுக் குறிப்பு) எல்லாம் வேண்டாம். பிளாக் (ஒண்ணா சேர்த்து வச்ச உருவம்) இருந்தா முதல்ல எக்ஸ்ப்ளோட் பண்ணிப் பிரிச்சிடுங்க.

ஓவர்கில் (ஒண்ணு மேல ஒண்ணு கிடக்கிற கோட்டை நீக்குற ஆட்டோகேட் கமாண்ட்) மட்டும் மறக்கவே மறக்காதீங்க. கோட்டு மேல கோடு கிடந்தா சைஸ் ஏறுறது ஒரு பக்கம், லேசர் அதே இடத்துல ரெண்டு தடவை ஓடி விளிம்பைக் கருக்கிடும்.