கடை கவுன்ட்டரில் சேரும் சில்லறைக்கு எங்கள் பேன்ட்ரி விண்ணப்பித்த அனுபவம்

நியூ ஜெர்ஸியில் ஒரு சர்ச்சின் பேஸ்மென்ட்டில் நடக்கும் சின்ன ஃபுட் பேன்ட்ரியில், அதாவது தேவைப்படும் குடும்பங்களுக்கு இலவசமாக உணவுப் பொருள் கொடுக்கும் இடத்தில், நான் தன்னார்வலர். அரிசி, பாஸ்தா, டப்பாவில் அடைத்த பீன்ஸ் போன்றவை ஹில்சைடில் உள்ள கம்யூனிட்டி ஃபுட்பேங்க் வழியாக எங்களுக்கு வந்துவிடும். போதுமான அளவு வராதவை டயாப்பர், சோப்பு, டாய்லெட் பேப்பர், சானிட்டரி நாப்கின். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசு தரும் ஸ்நாப் அட்டை உணவுக்கு மட்டும்தான் செல்லும். இந்த நான்கில் ஒன்றைக்கூட அதில் வாங்க முடியாது. கைக்குழந்தையோடு வருபவர்கள் உணவுப் பையை வாங்கிக்கொண்டு, கொஞ்சம் தயங்கி நின்று, டயாப்பர் இருக்கிறதா என்று கேட்பார்கள். இல்லை என்று சொல்வது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

அதை வாங்கக் கையில் காசு வேண்டும். அறக்கட்டளைகள் தரும் மானியம் பெரும்பாலும் இன்ன செலவுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு வரும். நிபந்தனை இல்லாத பணம் சின்னத் தொகையாக இருந்தாலும் எங்களைப் போன்ற இடத்துக்குப் பெரிய பலம். முன்பு அமேசான் நிறுவனத்தின் அமேசான்ஸ்மைல் என்ற கொடைத் திட்டம் இருந்தது. 2013-ல் தொடங்கியது, வாங்கும் பொருளின் விலையில் 0.5 சதவீதம், வாங்குபவர் தேர்ந்தெடுத்த அமைப்புக்குப் போகும். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அமைப்புகளுக்குப் பணம் பிரிந்து போவதால் ஒரு அமைப்புக்குச் சராசரியாக 230 டாலருக்கும் குறைவாகவே கிடைக்கிறது என்று காரணம் சொல்லி 2023 பிப்ரவரியில் அதை மூடினார்கள். அதன் பிறகுதான், தினமும் ஊரே போய்வரும் சூப்பர் மார்க்கெட்டின் கொடைத் திட்டத்தில் சேரலாம் என்ற பேச்சு எங்கள் குழுவில் வந்தது.

எங்கள் பகுதிக் கடையில் இரண்டு விதமாகப் பணம் சேர்க்கிறார்கள். ஒன்று, பை. அதற்கென்றே அச்சடித்த துணிப்பை ஒன்று விற்றால், அதன் விலையிலிருந்து ஒரு டாலர் அந்த மாதத்துக்குத் தேர்ந்தெடுத்த உள்ளூர் அமைப்புக்குப் போகும். இந்த மாநிலத்தில் 2022 மே 4 முதல் கடைகளில் ஒருமுறைப் பிளாஸ்டிக் பை கிடையாது. 2,500 சதுர அடிக்கு மேற்பட்ட மளிகைக் கடைகளில் காகிதப் பையும் கிடையாது. பை எடுத்துவர மறந்தவர்கள் கடையில் வாங்கியே ஆகவேண்டும். பேன்ட்ரிகளுக்கு மட்டும் அப்போது ஆறு மாதம் கூடுதல் அவகாசம் கொடுத்தார்கள். அது முடிந்த பிறகு பொருள் இருந்தும் போட்டுக்கொடுக்கப் பை இல்லாமல் நாங்களே திண்டாடியது தனிக் கதை.

இன்னொன்று ரவுண்ட் அப். பில் 12 டாலர் 37 சென்ட் என்றால், 13 டாலராக ஆக்கட்டுமா என்று கேட்பார்கள். சரி என்றால் அந்த 63 சென்ட் நன்கொடை. கேட்க ஒன்றுமில்லாத தொகைதான். ஆனால் நாடு முழுவதும் பில் போடும் இடத்தில் இப்படி நன்கொடை சேர்க்கும் பெரிய அளவிலான திட்டங்களில் மட்டும் 2022-ல் சேர்ந்தது 74.9 கோடி டாலர்.

விண்ணப்பப் படிவம் சுலபமானது. கூட வைக்க வேண்டிய காகிதங்களில்தான் வேலை இருக்கிறது, அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதலில் ஈ.ஐ.என்., அதாவது அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். அமைப்புக்குத் தரும் ஒன்பது இலக்க எண். அடுத்து, 501(சி)(3) என்ற வரிவிலக்கு பெற்ற தொண்டு அமைப்பு அந்தஸ்து கிடைத்ததற்கான ஐ.ஆர்.எஸ். கடிதம். பிறகு அமைப்பின் பெயரையும் வரி எண்ணையும் தெரிவிக்கும் டபிள்யூ-9 படிவம், வங்கிக் கணக்கு விவரம், யாரையும் பாகுபடுத்தாமல் சேவை செய்வோம் என்று குழு ஏற்றுக்கொண்ட கொள்கைத் தாள். இதெல்லாம் இருந்தாலும், ஐ.ஆர்.எஸ். இணையதளத்தில் இருக்கும் வரிவிலக்கு அமைப்புகளின் தேடல் பட்டியலில் நம் பெயர் இன்று உயிரோடு இருக்கிறதா என்பதைத்தான் கடைக்காரர்கள் முதலில் பார்க்கிறார்கள்.

உயிரோடு என்று காரணத்தோடுதான் சொல்கிறேன். ஆண்டு வரவு வழக்கமாக 50,000 டாலருக்குள் இருக்கும் அமைப்புகள் 990-என் என்ற மின் அஞ்சலட்டையை ஆண்டுதோறும் அனுப்ப வேண்டும். நிரப்பப் பத்து நிமிடம் ஆகாது. ஜனவரி முதல் டிசம்பர் வரை கணக்கு வைப்பவர்களுக்குக் கடைசித் தேதி மே 15. தொடர்ந்து மூன்று ஆண்டு அனுப்பாவிட்டால் வரிவிலக்கு தானாகவே ரத்தாகிவிடும். பிறகு அதைத் திரும்பப் பெறக் கட்டணம் கட்டி மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். தன்னார்வலர்கள் மாறிக்கொண்டே இருக்கும் அமைப்புகளில் இது நடக்கிறது. யார் அனுப்புவது என்று எழுதி வைக்காததே காரணம். எங்கள் பொருளாளர் அக்கா இதில் கெட்டி. ஒவ்வொரு ஆண்டு ரசீதையும் கோப்பில் வைத்திருந்தார்.

எங்களுக்குத் தடங்கல் வேறு இடத்தில் வந்தது. ஐ.ஆர்.எஸ். பதிவில் இருந்த முகவரி, பேன்ட்ரியைத் தொடங்கியவர் முன்பு குடியிருந்த வீடு. அவர் வேறு மாநிலத்துக்குப் போய்ப் பல வருஷம் ஆகிறது. ஊர்ப் பெயரே வேறு. கடை கேட்பதோ, தன் கிளைக்குப் பக்கத்தில் இயங்கும் அமைப்பு.

"அக்கா, நாமதான் இங்கேயே இருக்கோமே, நேர்ல போய்ச் சொன்னாப் போதாதா?" என்று கேட்டேன்.

"கிளையில இருக்கறவங்க நம்பிடுவாங்கம்மா. சரிபார்க்கறது வெளியில ஒரு கம்பெனி. அவங்களுக்கு ஐ.ஆர்.எஸ். பட்டியல்தான் வேதம். முதல்ல அதை மாத்துவோம்" என்றார்.

அதற்கு 8822-பி படிவம். முகவரியையும், பொறுப்பாளர் பெயரையும் மாற்ற அதுவே. பொறுப்பாளர் மாறினால் 60 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. தபாலில்தான் அனுப்ப வேண்டும். பதிவேற வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும் என்று ஐ.ஆர்.எஸ். தரப்பிலேயே சொல்கிறார்கள். மாறிய பிறகு, வரிவிலக்கு இன்றும் செல்லும் என்று புது முகவரியோடு உறுதிக் கடிதம் ஒன்று கேட்டு வாங்கலாம். பழைய கடிதத்தோடு இதையும் சேர்த்துக் கொடுத்தோம். விண்ணப்பிக்க நினைப்பவர்கள் படிவத்தைத் திறப்பதற்கு முன்பே ஐ.ஆர்.எஸ். பட்டியலில் தங்கள் பெயரையும் ஊரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். திட்டத்துக்கான விண்ணப்ப காலம் முடியப்போகும் நேரத்தில் இது தெரியவந்தால் அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டியதுதான்.

சர்ச்சில் இயங்குவது பற்றியும் ஒரு கேள்வி வந்தது. மதப் பிரசாரத்துக்குப் பணம் போகக்கூடாது என்பது பல கடைத் திட்டங்களில் பொது நிபந்தனை. நாங்கள் இடத்தை மட்டும் பயன்படுத்துகிறோம், பேன்ட்ரி தனிப் பதிவு, வருபவர்களிடம் மதம் கேட்பதில்லை என்று ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தோம். கடையில் சமூகப் பணிகளைக் கவனிக்கும் பெண்மணி ஒரு சனிக்கிழமை நேரிலேயே வந்தார். வரிசையைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார், டயாப்பர் அலமாரி காலியாக இருந்ததையும் பார்த்தார். எங்கள் கடிதங்களை எல்லாம்விட அந்தக் காலி அலமாரிதான் அவரிடம் பேசியிருக்கும் என்று நினைக்கிறேன். சில வாரங்களில் எங்களைத் தேர்ந்தெடுத்ததாக மின்னஞ்சல் வந்தது.

எங்கள் முறை வந்த மாதத்தில் ஒன்று கவனித்தேன். இயந்திரத்தில் தாங்களே பில் போட்டுக்கொள்ளும் இடத்தில், திரையில் அமைப்பின் பெயரும் ஒரு பொத்தானும் மட்டும் வரும். எங்கள் பெயரைப் பார்த்து யாருக்கும் ஒன்றும் புரியாது. மனிதர் நிற்கும் கவுன்ட்டரில் "நம்ம ஊர்க் குழந்தைகளுக்கு டயாப்பர் வாங்க" என்று ஒரு வரி சொன்னால் நிலைமையே வேறு. அதனால் மேலாளரிடம் கேட்டு, கேஷியர்களுக்கென்று அந்த ஒரு வரியை மட்டும் அச்சடித்த சின்ன அட்டை கொடுத்தோம்.

எங்கள் குழுவில் சிலர், யார் அதிகம் சேர்க்கிறார்களோ அந்தக் கேஷியருக்குப் பரிசு வைக்கலாமே என்றார்கள். நான் வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னேன். நாள் முழுக்க நின்றபடி, ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் காசு கேட்க வேண்டிய வேலையைக் கேஷியர் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. முகம் சுளிப்பவர்களின் பேச்சையும் அவர்தான் வாங்கிக்கொள்கிறார். அதோடு, இந்தச் சம்பளத்தில் இருப்பவர்கள் எங்கள் பேன்ட்ரி வரிசையிலும் நிற்கிறார்கள். அவர்களுக்கு எண்ணிக்கை வைத்து ஓடவிடுவது நியாயமாகப் படவில்லை. அட்டையை வைத்தோம், மாத முடிவில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு நன்றிக் கடிதம் கொடுத்தோம், அவ்வளவுதான்.

பணம் வங்கிக் கணக்குக்கே வந்தது. பெரிய தொகை இல்லை; ஆனால் டயாப்பரும் சோப்பும் வாங்கும் செலவைச் சில மாதங்களுக்குத் தாங்கியது.

கணக்கு எழுதும்போதுதான் இந்த அனுபவத்தில் நான் மிக முக்கியமாக நினைக்கும் விஷயம் மேலே வந்தது. இதைக் கொடுத்தது யார்? கூட்டத்தில் பலரும் கடையின் நன்கொடை என்றே பேசினார்கள். அக்கா இரண்டு வரியாகப் பிரித்து எழுதினார். பையின் மூலம் வந்த டாலர், விற்ற விலையிலிருந்து வந்தது. அது கடையின் கணக்கு. ரவுண்ட் அப் சில்லறை அப்படி இல்லை. அது வாடிக்கையாளர் கொடுத்த கொடை. கடை அதை வசூலித்து ஒப்படைக்கும் கை மட்டும்தான். அது கடையின் வருமானமும் இல்லை, அதைக் காட்டிக் கடை வரிக்கழிவு கேட்கவும் முடியாது. நம் காசை வைத்துக் கடைக்காரன் வரி குறைத்துக்கொள்கிறான் என்று எல்லா ஊரிலும் ஒரு பேச்சு சுற்றுகிறது. அதை நம்பி வேண்டாம் என்று சொல்லிவிடுகிறவர்கள் நிறைய. ரவுண்ட் அப்பைப் பொறுத்தவரை அது உண்மையில்லை. ரசீதை வைத்திருக்கும் வாடிக்கையாளர், வரி விதிகள் இடம் கொடுக்கும் அளவுக்கு, அந்தச் சென்ட்டுகளைத் தாமே காட்டிக்கொள்ளலாம்.

கடைவழிக் கொடை புதிதும் இல்லை. 1983-ல் சுதந்திர தேவி சிலையைச் சீரமைக்க, அட்டையைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு சென்ட், புது அட்டைக்கு ஒரு டாலர் என்று அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் அறிவித்தது. 17 லட்சம் டாலர் சேர்ந்தது. அங்கே கொடுத்தது நிறுவனம். ரவுண்ட் அப்பில் கொடுப்பவர் வரிசையில் நிற்கும் மனிதர். இந்த வித்தியாசம் அமைப்பு நடத்துபவர்களுக்குத் தெளிவாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஏனென்றால் நன்றியும் கணக்கும் யாருக்குச் சேர வேண்டும் என்பது அதைப் பொறுத்தது.

250 டாலரும் அதற்கு மேலும் கொடுப்பவர் வரிக்கழிவு கேட்க அமைப்பின் எழுத்துபூர்வமான ஒப்புகை வேண்டும். அதனால் அவர்களுக்கு நாங்கள் தவறாமல் கடிதம் அனுப்புகிறோம். 63 சென்ட் கொடுத்தவருக்கு எதுவும் போவதில்லை. அவர் யார் என்றே எங்களுக்குத் தெரியாது. கடை பெயர் தராது, தரவும் கூடாது. ஆனால் கொடுத்தவர் திரும்பத் திரும்ப அதே வாசல் வழியாகத்தான் வருகிறார். அங்கேயே சொல்லலாமே என்று தோன்றியது.

கடை வாசலில் ஊர் அறிவிப்புகள் ஒட்டும் பலகையில் ஒரு தாள் ஒட்ட அனுமதி கேட்டோம். கிளை மேலாளருக்குச் சம்மதம். தலைமை அலுவலகம்தான் வாசகத்தைப் பார்க்க வேண்டும் என்றது. கடையின் சின்னத்தைப் போட வேண்டாம், தொகையையும் செலவையும் மட்டும் எழுதுங்கள் என்று சொல்லி ஒப்புக்கொண்டார்கள். ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் எழுதினோம்: நீங்கள் கொடுத்த சில்லறை இவ்வளவு, அதில் டயாப்பர் இத்தனை பெட்டி, சோப்பு இவ்வளவு, நாப்கின் இவ்வளவு, மீதி கையிருப்பு இவ்வளவு. பயனடைந்த குடும்பங்களின் படமோ பெயரோ போடவில்லை. அது கூடாது என்பதில் எங்கள் குழுவில் இரண்டு கருத்து இருந்ததில்லை.

அந்தத் தாளைப் படித்துவிட்டுச் சிலர் நேராகப் பேன்ட்ரிக்கே வரத் தொடங்கினார்கள். குழந்தை வளர்ந்துவிட்டதால் பாதி மீந்த டயாப்பர் பாக்கெட்டைக் கொடுக்கலாமா என்று ஒருவர் கேட்டார். தாராளமாக. பாக்கெட் பிரித்திருந்தாலும், உள்ளே இருப்பவை சுத்தமாக இருந்தால் வாங்கிக்கொள்கிறோம். பெரிய சைஸ்கள்தான் எங்களுக்கு எப்போதும் தட்டுப்பாடு. அதனால் இப்போது தாளின் கடைசி வரியில் எந்த சைஸ் குறைவாக இருக்கிறது என்றும் எழுதிவிடுகிறோம். இந்த மாதம் 5, 6.