102 வரும் வரை

1996 மார்ச் 17இல் இலங்கை உலகக் கிண்ணத்தை வென்றதோடு எங்கள் கல்லூரியில் எல்லோர் கையிலும் மட்டை. மெய்வல்லுநர் அணிக்கு மிஞ்சிய சிலரில் நான்கு பேரைப் பிடித்து 4×100 மீற்றர் அஞ்சலோட்டம் பழக்கினார் எங்கள் கோச் சேர்.

சேர் சிங்களவர். மொறட்டுவையிலிருந்து 101 பஸ்ஸில் வருவார். தமிழில் எண்களை எங்களிடம் கேட்டுக் கேட்டே பழகியவர். எங்களைக் கூப்பிடுவது "புத்தே" என்றுதான்; சிங்களத்தில் "மகனே". நான் போரால் நேர்ந்த 1995 இடம்பெயர்வுக்குப் பின் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வெள்ளவத்தையில் மாமா வீட்டில் இருந்தேன். சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. யாழ்ப்பாணம் என்று சொன்னதும் சேர், "எதிர்வீரசிங்கத்தின் ஊரா?" என்று கேட்டார். 1958இல் தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்ந்து, அந்த விழாக்களில் இந்த நாட்டுக்கு முதல் தங்கம் கொண்டுவந்தவர் அவர். கொழும்புக்கு வந்த நாள் முதல் ஊர்ப் பெயரை மெதுவாகச் சொல்லிப் பழகியிருந்த எனக்கு, ஒருவர் அதை மகிழ்ச்சியோடு திருப்பிச் சொன்னது அதுவே முதல் தடவை.

அஞ்சலோட்டம் பாதி ஓட்டம், பாதி கைமாற்றம். அப்போது 20 மீற்றர் வலயத்துக்குள் கோல் கைமாற வேண்டும். முதலாமவன் வலக்கையில் கொண்டுவந்து இரண்டாமவனின் இடக்கையில் வைப்பான். அவன் எனது வலக்கையில். நான் நாலாமவனின் இடக்கையில். வாங்குகிறவன் திரும்பிப் பார்க்கக்கூடாது. பின்னால் இத்தனை காலடியில் போட்ட அடையாளத்தை வருகிறவன் மிதித்ததும் பாய வேண்டும். சேர் ஓயாமல் சொன்னது ஒன்றுதான்: "அவன் இறுக்கிப் பிடிக்கும் மட்டும் நீ விட வேணாம், புத்தே."

கல்வி வலய மட்டப் போட்டியில் நான் கொடுக்கும்போது கோல் விழுந்தது. நாலாமவன் முந்திப் பாய்ந்துவிட்டான். பக்கத்து அணியில் தோற்ற பையனை அவனுடைய பயிற்றுநர் எல்லோர் முன்னும் கன்னத்தில் அறைந்தார். நாங்களும் தலையைக் குனிந்துகொண்டு நின்றோம். சேர் எங்களைத் தாண்டிப் போய், அடையாளத்திலிருந்து கோடு வரை தன் காலால் அளந்தார். திரும்பி வந்து, "26 காலடி சொன்னது நான். 23 போட்டிருக்க வேணும். பிழை என்னுடையது" என்றார். பெரியவர் ஒருவர் பிள்ளைகளிடம் தன் பிழையை ஒப்புக்கொண்டதை அதற்கு முன் நான் கண்டதில்லை. இன்று சனிக்கிழமைகளில் கனடாவில், ஸ்காபரோவில் சிறுவர்களுக்கு ஓட்டம் பழக்குகிறேன். நூறு அறிவுரையைவிட அந்த ஒரு வசனம்தான் எனக்கு உதவுகிறது.

ஒரு மாலை கோலைத் துவாயில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு காலி வீதியால் நடந்து வந்தேன். செக்பொயின்ற்றில் மறித்தார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். பையிலிருந்து வெளியே வந்தது ஓர் அடி நீள அலுமினியக் குழாய். ஆமிக்காரர் கேட்ட எதுவும் எனக்கு விளங்கவில்லை. கைகளை உயர்த்தச் சொன்னது மட்டும் விளங்கியது.

மொறட்டுவை பஸ்ஸின் மிதிபலகையில் போய்க்கொண்டிருந்த சேர் அதைக் கண்டு இறங்கி ஓடி வந்தார். தன் அட்டையைக் காட்டினார். குழாயைக் கண்ணில் வைத்து மறுபக்கம் பார்த்துக் காட்டினார். பிறகு என் உயர்ந்திருந்த வலக்கையைப் பிடித்துத் தாழ்த்தி, பின்னால் நீட்ட வைத்து, அந்த வீதியிலேயே கோலை அதில் வைத்துக் காட்டினார். துப்பாக்கி தாழ்ந்தது. என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. நான் இறுக்கிப் பிடிக்கும் வரை மறுமுனையை அவர் விடவில்லை.

வீடு வரை வந்து மாமியிடம் மன்னிப்புக் கேட்டார். அவர் ஏன் கேட்க வேண்டும் என்று மாமி அழுதா.

மறுநாளிலிருந்து கோல் அவருடைய பைக்குள். பயிற்சி முடிந்தால் எங்களோடு பஸ் ஹோல்ட்டுக்கு வருவார். கொட்டாஞ்சேனைக்காரனுக்கு 102 எப்போதும் பிந்தும். அவன் ஏறும் வரை நின்று, பிறகு என்னோடு வெள்ளவத்தை வரை நடந்து, அங்கிருந்துதான் தன் பஸ்ஸைப் பிடிப்பார். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள். நாங்கள் க.பொ.த. உயர்தரப் பரீட்சை எழுதும் வரை இது நடந்தது.

சேர் காலமாகிப் பல வருடங்கள். என்னிடம் இருக்கும் ஒரே படத்தில் நாங்கள் நால்வரும் நிற்கிறோம், அவர் இல்லை. எடுத்தவர் அவர். நம்மவர் யாரிடமாவது சேர் நிற்கும் படம் இருந்தால், மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, இந்த மலரைத் தொகுக்கும் குழுவுக்கு அனுப்பி வையுங்கள்.