பாலிஹவுஸில் தீசிஸ் எடுக்கப் போகிறவர்களுக்கு

எம்.எஸ்சி. மலரியல் சேர்ந்தவர்கள் முதலில் கேட்பது, "ஜெர்பரா எடுக்கலாமா, கார்னேஷன் எடுக்கலாமா?" என்பதுதான். பயிர் எதுவானாலும் தீசிஸ் எழுதிவிடலாம். யாருடைய பாலிஹவுஸ் (பிளாஸ்டிக் தாள் போர்த்திய பசுமைக்குடில்), உள்ளே அது எப்படி இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். நான் ஓசூர்ப் பக்கம் ஒரு விவசாயியின் ஜெர்பரா பாலிஹவுஸில் உரநீர்ச் சோதனை (பாசன நீரோடு உரம் கலந்து கொடுத்துப் பார்ப்பது) செய்தவன். அங்கே கற்றதைத்தான் சொல்கிறேன்.

வெளியிலிருந்து பார்த்தால் பாலிஹவுஸ் முழுக்க ஒரே மாதிரி தெரியும். உள்ளே அப்படி இல்லை. பக்கத் திரையை ஒட்டிய பாத்தி சீக்கிரம் காயும். எங்கள் குடிலில் சிலந்திப்பேன் முதலில் ஏறியதும் அங்கேதான். இரண்டு கூரை சேரும் இடத்தில் மழைநீர்த் தகடு ஓடும், அதன் கீழே நிழல். விசிறியும் ஈரத்தட்டியும் வைத்த குடில் என்றால் தட்டிப் பக்கம் குளிர்ச்சி, விசிறிப் பக்கம் சூடு. சொட்டுநீர்க் குழாயில் முதல் செடிக்கு விழுகிற அளவு கடைசிச் செடிக்கு விழும் என்று நம்பிவிடாதீர்கள்.

அதனால் நடவுக்கு முன்பே ஒரு வேலை. குழாயின் தொடக்கம், நடு, கடைசி என்று சொட்டுவான்களின் கீழே டம்ளர் வைத்து, பத்து நிமிடம் தண்ணீர் பிடித்து அளந்து பாருங்கள். வெப்பமானியை வெயில் நேராகப் படாமல் மறைத்து, செடி உயரத்தில் நாலைந்து இடத்தில் தொங்கவிடுங்கள். வேறுபாடு எந்தத் திசையில் ஓடுகிறது என்று தெரிந்துவிடும். அந்தத் திசைக்குக் குறுக்காக பிளாக் பிரித்து, ஒவ்வொரு பிளாக்குக்குள்ளும் எல்லா ட்ரீட்மென்ட்டையும் (நீங்கள் ஒப்பிடப் போகிற உர அளவு போன்றவை) வையுங்கள். குடிலுக்குள் சி.ஆர்.டி. (பிளாக் பிரிக்காமல் எல்லாவற்றையும் குலுக்கிப் போட்டு வைப்பது) போதும் என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். மேசை மேல் நாலு தொட்டி வைத்தால் அது சரி. நீளப் பாத்திக்கு என் ஓட்டு ஆர்.பி.டி.க்குத்தான், அதாவது மேலே சொன்ன பிளாக் முறைக்கு. ஓரச் செடிகளை அளக்க வேண்டாம்.

இன்னொன்று. ஒரு குடிலில் ஒரு நிழல்வலை, பக்கத்துக் குடிலில் வேறு நிழல்வலை போட்டு, ஒவ்வொன்றிலும் ஐம்பது செடி அளந்தால் ரெப்ளிகேஷன் (ஒரே ட்ரீட்மென்ட்டைத் தனித்தனியாகத் திரும்பச் செய்யும் எண்ணிக்கை) ஐம்பது ஆகாது, ஒன்றுதான். இதைத்தான் சூழலியலாளர் ஹர்ல்பர்ட் 1984இல் சூடோரெப்ளிகேஷன் (போலி ரெப்ளிகேஷன்) என்று பெயரிட்டு விளாசினார். இன்றைக்கும் தீசிஸ்களில் இது குறைந்தபாடில்லை.

அப்புறம், விவசாயியின் காலண்டர். ஓசூர் ரோஜா என்றால் பிப்ரவரி 14தான் கணக்கு. டிசம்பரில் கவாத்து, ஜனவரிக் கடைசியிலிருந்து வெட்டு. அந்த நேரத்தில் போய் "இந்தப் பாத்தியை விட்டுவிடுங்கள் அண்ணா" என்றால் யார் விடுவார்? முன்கூட்டியே பேசுங்கள். பூ பறிக்கிற அக்காக்களிடம் நேராகவே சொல்லிவிடுவது இன்னும் நல்லது. எங்கள் குடிலில் ஒரு அக்கா, "எதை விடணுமோ அதுல கலர் கயிறு கட்டிட்டுப் போ தம்பி, மீதிய நாங்க பாத்துக்கறோம்" என்றார். ஜெர்பராவைக் கத்தியால் வெட்டாமல், தண்டின் அடியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டி இழுப்பதையும் அவர்தான் காட்டிக்கொடுத்தார். வெட்டினால் மிச்சமாகும் அடிக்கட்டை அழுகி, செடியின் கழுத்து வரைக்கும் நோய் இறங்கும்.

செடி உயரம், இலை எண்ணிக்கை எல்லாரும் எடுப்பார்கள். சந்தைக்குத் தண்டு நீளமும் குவளை ஆயுளும் (வெட்டிய பூ குவளை நீரில் எத்தனை நாள் தாங்கும் என்பது)தான் முக்கியம். குவளை ஆயுளை வராண்டாவில் வைத்து எண்ணினால் அந்த எண்ணை வேறு யாருடைய எண்ணோடும் ஒப்பிட முடியாது. 20 டிகிரி செல்சியஸ், 60 சதவீத ஈரப்பதம், 12 மணி நேர வெளிச்சம் என்பதுதான் வழக்கமான அளவு. காய்ச்சி வடித்த நீரே வேண்டும். பூவின் ஆயுள் எப்போது முடிந்ததாக எடுத்துக்கொள்வீர்கள், கழுத்து வளைந்தாலா, இதழ் வாடினாலா என்பதை முதல் பூ வைக்கும் முன்பே எழுதி வையுங்கள்.

வைவாவுக்கும் நெட் தேர்வுக்கும் பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்தால் "ஏன்" என்ற கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள். கார்னேஷனில் புல்லிவட்டம் (இதழ்களைத் தாங்கும் பச்சை உறை) வெடிக்க இரவுக் குளிரும் வெப்ப ஏற்றத்தாழ்வும் போரான் குறைவும் காரணமாகலாம், ரகமும் காரணமாகலாம். வெள்ளி தயோசல்பேட் கார்னேஷனின் ஆயுளைக் கூட்டும் என்பது 1978 முதல் தெரிந்த விஷயம்; பூவை வாடவைக்கும் எத்திலீன் வாயுவின் வேலையை வெள்ளி தடுக்கிறது. அதே கரைசலை ஜெர்பராவுக்கு வைத்து ஒரு சினாப்சிஸ் (ஆய்வுத் திட்டச் சுருக்கம்) கொண்டுபோனால், ஜெர்பரா எத்திலீனுக்குப் பெரிதாக அசைந்துகொடுக்காத பூ என்று தெரிந்த ஒரு பேராசிரியர் போதும், உட்காரவைத்துவிடுவார். அதன் பிரச்சினை பெரும்பாலும் தண்டுக்குள் பாக்டீரியா அடைத்துக்கொள்வது. ஆகவே குளோரின், வாளியின் சுத்தம் பக்கம் யோசியுங்கள்.

கூரைத் தாள் எந்த மாதம் மாற்றியது, கடைசியாக எப்போது கழுவியது என்பதையும் விவசாயியிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தூசி படிந்த தாளுக்கும் புதுத் தாளுக்கும் உள்ளே வெளிச்சம் நன்றாகவே வேறுபடும். இரண்டு பருவத் தரவை ஒன்றாகச் சேர்த்து எழுதும்போது முதலில் இதைத்தான் கேட்பார்கள்.