அடிசம் மடம், ஹப்புத்தளை: போகுமுன் தெரிந்திருக்க வேண்டிய ஒழுங்கு

கிழமை நாளில் அடிசத்துக்குப் போய், பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் நிறையப் பேர். சனி, ஞாயிறு, போயா, பாடசாலை விடுமுறை நாட்களில்தான் வெளியாட்களுக்குத் திறப்பார்கள். அந்த நாட்களிலும் மதியத்தில் இடைவேளை உண்டு. ஆகவே காலையிலேயே போய்விடுவது நல்லது. ஹப்புத்தளை கோச்சி ஸ்டேஷனிலிருந்து ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர். ஓட்டோவும் போகும், நடக்கவும் முடியும். பத்து மணிக்குப் பிறகு மூடுபனி ஏறிவிட்டால் எதிரே இருக்கும் மலைத்தொடர் மறைந்துவிடும். எனவே நடக்கிறவர்கள் வெள்ளெனப் புறப்படுங்கள்.

சனம் பார்க்கப் போவது பங்களாவைத்தான். சேர் தோமஸ் வில்லியர்ஸ் என்ற வெள்ளைக்காரர் 1931இல் கருங்கல்லால் கட்டி, இங்கிலாந்தில் கென்ட் பகுதியிலுள்ள ஒரு கிராமத்தின் பெயரை அதற்கு வைத்தார். 1960களில் அது புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) பெயரிலான துறவற மடமானது. முன்னறையையும் நூலகத்தையும் பார்க்கலாம், படம் எடுக்க முடியாது. கட்டடத்தைப் பற்றி இவ்வளவு போதும். உள்ளே வாழ்கிறவர்களின் ஒழுங்கைத் தெரிந்துகொண்டு போனால்தான் கேட் ஏன் பூட்டியிருக்கிறது, ஏன் மெதுவாகப் பேசச் சொல்கிறார்கள் என்பதெல்லாம் விளங்கும்.

இவர்கள் சில்வெஸ்டர் சபையினர். இத்தாலியின் ஒசிமோ ஊரில் பிறந்த சில்வெஸ்டர் குசோலினி முதலில் தனிவாசியாகக் குகையில் இருந்தவர். ஆட்கள் சேரச் சேர, 1231இல் பப்ரியானோவுக்குப் பக்கத்தில் மொந்தேபானோ மலையில் ஒரு மடம் கட்டினார். புதிதாகச் சட்டம் எதுவும் எழுதாமல், அதற்கு எழுநூறு ஆண்டுகளுக்கு முன் ஆசீர்வாதப்பர் எழுதிய ஒழுங்குநூலையே எடுத்துக்கொண்டார். 1247இல் திருத்தந்தை நான்காம் இன்னொசென்ட் சபைக்கு அனுமதி கொடுத்தார். நவம்பர் 26 சில்வெஸ்டரின் திருநாள். அவருடைய நினைவாகப் பேணப்படும் திருப்பண்டம் ஒன்று அடிசம் சிற்றாலயத்தில் இருக்கிறது. பங்களாவைச் சுற்றிப் பார்க்கிறவர்களில் பலர் அந்தச் சிற்றாலயத்தை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

தனிமையை நாடியவரின் பிள்ளைகள் 1845இல் இலங்கைக்கு வந்து, கோயில் பங்குகளிலும் பாடசாலைகளிலும் இறங்கி வேலை செய்தார்கள். முத்தையா முரளிதரன் படித்த கண்டி புனித அந்தோனியார் கல்லூரியை 1854இல் தொடங்கியவர்களும் இவர்கள்தான். பதுளை மறைமாவட்டம் 1972இல் உருவானபோது அதன் முதல் ஆயரான லியோ நாணயக்காரவும் இந்தச் சபைத் துறவியே. தனிமையும் பங்கு வேலையும் ஒன்றோடொன்று இழுபறிப்படும் என்று தோன்றலாம். அந்த இழுபறி இருக்கத்தான் செய்தது. அதைத் தாங்கிக்கொள்ள இடம் விட்டது அந்த ஒழுங்குநூலின் மென்மை.

மென்மை என்றதும் கனிவான பேச்சு என்று நினைத்துவிடக் கூடாது. ஆசீர்வாதப்பர் அதை மணிக்கணக்கிலும் சாப்பாட்டுத் தட்டிலும் வைத்தவர். நூலில் 73 அதிகாரங்கள். கடுமையானது, பாரமானது எதையும் விதிக்க மாட்டோம் என்று நம்புவதாக முன்னுரையில் சொல்கிறார். அடுத்த வரியிலேயே, குறைகளைத் திருத்தவும் அன்பைக் காக்கவும் கொஞ்சம் கண்டிப்பு வரலாம் என்கிறார்.

சாப்பாட்டை எடுங்கள். வேளைக்குச் சமைத்த பதார்த்தம் இரண்டு. ஏன் இரண்டு? ஒன்று ஒத்துக்கொள்ளாதவன் மற்றதைச் சாப்பிடட்டும் என்றுதான். பழமோ காய்கறியோ கிடைத்தால் மூன்றாவதும் உண்டு. நாளைக்கு ஒரு இறாத்தல் ரொட்டி. வேலை கூடின நாளில் மடாதிபதி அளவைக் கூட்டலாம். பரிமாறும் முறைக்காரர் மற்றவர்கள் சாப்பிட்டு முடியும்வரை பசியோடு நின்று முணுமுணுக்கக் கூடாதென்பதற்காக, அவருக்கு முன்கூட்டியே ரொட்டியும் குடிக்கவும் கொடுத்துவிட வேண்டும். வைன் விஷயத்தில் மனிதர் நன்றாகவே இறங்கி வருகிறார்: துறவிகளுக்கு அது ஆகாது என்று வாசிக்கிறோம், ஆனால் இந்தக் காலத்துத் துறவிகளை நம்பவைக்க முடியாது, ஆகவே அளவாகக் குடிக்கவாவது சம்மதிப்போம் என்று எழுதி, ஒரு அளவைக் குறிக்கிறார். ஏறக்குறைய கால் லீற்றர்.

செபத்தில் கண்டிப்பு கூட. விவிலியத்தின் 150 திருப்பாடல்களையும் ஒரு கிழமைக்குள் சொல்லி முடிக்க வேண்டும், பகலில் ஏழு வேளை, இரவில் ஒன்று. ஆனால் இராச்செபத்தின் தொடக்கத் திருப்பாடலை வேண்டுமென்றே இழுத்து மெதுவாகச் சொல்ல வேண்டும், பிந்தி எழும்புகிறவன் வந்து சேரட்டும் என்று. அதற்கும் பிந்தி வந்தால் கடைசி இடத்தில் நிற்கலாம். வெளியே நிறுத்தினால் திரும்பிப் போய்ப் படுத்துவிடுவான், அதனால் உள்ளே விடுங்கள் என்கிறார். அதே கணக்குத்தான் குளிர்காலத்துக்கும்: நள்ளிரவு தாண்டிக் கொஞ்சம் தூங்கி, சாப்பாடு செரித்த பிறகே எழுப்ப வேண்டும். குளிர்நாட்டுக்கு உடுப்புக் கூட வேண்டும், சூட்டுநாட்டுக்குக் குறைய என்ற வரியை ஹப்புத்தளைக் குளிரில் நின்று வாசித்தால்தான் அருமை தெரியும். நீங்களும் ஸ்வெட்டர் கொண்டு போங்கள்.

மடாதிபதிக்குச் சொன்னதுதான் உச்சம். அவர் பயப்படப்படுவதைவிட நேசிக்கப்படுவதையே நாட வேண்டும். துருவைச் சுரண்டுகிறேன் என்று பாத்திரத்தை உடைத்துவிடக் கூடாது. தண்டனையில் ஒதுக்கப்பட்டவனிடம் முதிர்ந்த சகோதரர்களை இரகசியமாக அனுப்பி ஆறுதல் சொல்ல வேண்டும். மடத்தை விட்டுப் போனவன் திருந்தி வந்தால் மூன்று தடவைவரை சேர்த்துக்கொள்ளலாம். இந்த மென்மை பிழையாகப் போவதும் உண்டு: மென்மை என்ற பெயரில் யாரையும் எதுவும் கேட்காமல் விட்டால், பாரம் முழுக்க ஒழுங்காக இருக்கிறவன் தலையில் விழும். முணுமுணுப்பை ஆசீர்வாதப்பர் திரும்பத் திரும்பக் கண்டிப்பது அது இப்படித்தான் முளைக்கும் என்று தெரிந்துதான் என்று நினைக்கிறோம்.

இனி விருந்தாளிகள். வருகிற எல்லாரையும் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும் என்பது 53ஆம் அதிகாரம். அதில் ஏழைகளுக்கும் யாத்திரிகர்களுக்கும்தான் கூடுதல் கவனம். பணக்காரர்களுக்கு மரியாதை தானாகக் கிடைத்துவிடும், அவர்கள்மேல் உள்ள பயமே அதைப் பார்த்துக்கொள்ளும் என்று ஒரு குத்தலும் உண்டு. துரை பங்களாவின் முன்வாசலுக்கு லயத்துச் சனம் சாதாரணமாகப் போவதில்லை என்பதை மலையகத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அப்படிக் கட்டப்பட்ட ஒரு வீட்டில் இந்த அதிகாரம் வாசிக்கப்படுகிறது. இப்போது ஞாயிற்றுக்கிழமையில் தோட்டத்துப் பிள்ளைகள் அதே முன்னறையைச் சுற்றிப் பார்க்கலாம்.

அதே அதிகாரம்தான் விருந்தாளிகளுக்குத் தனிச் சமையலறையும் வைக்கச் சொல்கிறது, நேரங்கெட்ட நேரத்தில் வருகிறவர்களால் சகோதரர்களின் ஒழுங்கு கலையாமல் இருக்க. கிழமை நாளில் கேட் பூட்டியிருப்பதை இந்தக் கண்ணோடு பார்த்தால் கோபம் வராது.

துறவிகள் செய்யும் ஜேம், கோர்டியல் வகைகளை அங்கேயே விற்கிறார்கள். கொய்யா ஜெலி இருந்தால் வாங்குங்கள், கூட்டமான நாளில் முடிந்துவிடும். சில்லறைக் காசு கொண்டு போங்கள். தங்க விரும்புகிறவர்கள் முன்கூட்டியே அறை பதிய வேண்டும்; ஹோட்டல் என்று நினைத்து இரவில் போய்க் கதவைத் தட்டாதீர்கள். பக்கத்துத் தங்கமலைக் காட்டு வழியாக இதல்கஸ்ஹின்ன ஸ்டேஷன்வரை நடக்கலாம். மழை நாளில் அட்டை கடிக்கும், பாதையும் வழுக்கும். அங்கிருந்து திரும்பக் கோச்சி குறைவு என்பதால், நேரத்தை ஹப்புத்தளை ஸ்டேஷனிலேயே கேட்டு வைத்துக்கொண்டு இறங்குங்கள்.